புயலில் பிறந்த பூகம்பம்

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி கட்டில் ஆடி விழித்துக்கொண்டேன். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று அதிர்ந்துவிட்டு நின்றது. அவ்வளவுதான். தூக்கம் போய்விட்டதால் நோட்டை எடுத்து நாலு வரி எழுதி வைத்தேன். "நிலநடுக்கம். இரவு 11.50. இரண்டு நிமிடம் இருக்கும். கண்ணாடி அதிர்ந்தது. மேசைமேல் தம்ளர் நிறையத் தண்ணீர், சிந்தவில்லை."

மறுநாள் கருவிகளின் பதிவு வெளியானது. நேரம் 12.10 என்று போட்டிருந்தது. என் சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அது போகட்டும் என்றால், நள்ளிரவு தாண்டிவிட்டதால் தேதியும் தப்பு. அந்த இரண்டு நிமிடமும் கதைதான். அவ்வளவு சின்ன அதிர்வை மனிதரால் சில நொடிகளுக்கு மேல் உணர்ந்திருக்கவே முடியாது. நாலு வரியில் மூன்று பிழை. இத்தனைக்கும் நான் அதை நேரில் அனுபவித்தவன், அரை மணி நேரத்துக்குள் எழுதியவன், யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவன்.

முந்நூறு வருடம் கழித்து ஒருவர் கையில் என் நோட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் சரியான தேதியோடு எழுதியதும் கிடைக்கிறது. அவர் என்ன செய்வார்? அடுத்தடுத்த நாளில் இரண்டு நிலநடுக்கம் என்று பட்டியலில் ஏற்றிவிடுவார். ஒன்று நடந்தது, இன்னொன்று என் கடிகாரத்தில் பிறந்தது. பழைய நிலநடுக்கப் பட்டியல்களில் இப்படிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் நிறைய உண்டு.

நிலநடுக்கத்தைக் கருவி பதிவு செய்யும் காலம் ரொம்பச் சின்னது. தொலைதூர நிலநடுக்கம் ஒன்று கருவியில் பதிவானதாக அறியப்பட்டது 1889 ஏப்ரலில்தான். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் எர்ன்ஸ்ட் ஃபான் ரேபோய்ர்-பாஷ்விட்ஸ் என்பவர் மிக நுட்பமான ஊசல் ஒன்றை வைத்திருந்தார். தரையின் சிறு சாய்வுகளை அளப்பதுதான் அவர் நோக்கம். ஒருநாள் ஊசல் காரணமில்லாமல் ஆடியிருந்தது. பிறகு ஜப்பானில் நடந்த ஒரு நிலநடுக்கத்தைப் பற்றிய செய்தியை அறிவியல் இதழ் ஒன்றில் படித்து, நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கருவியில் விழுந்த முதல் கோட்டுக்கே அர்த்தம் சொல்ல ஒரு எழுத்து ஆவணம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

பெரிய நிலநடுக்கங்களோ ஒரே இடத்தில் சில நூறு வருடங்களுக்கு ஒருமுறை, சில இடங்களில் ஆயிரம் வருடங்களுக்கு ஒருமுறை வருபவை. கருவிக் காலம் நூற்றுச் சொச்சம் வருடம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அடுத்த முறை எங்கே, எவ்வளவு பெரிதாக வரலாம் என்று கணக்குப் போட வேண்டுமானால் ஏட்டையும் கடிதத்தையும் கோயில் குறிப்பையும் வரிக் கணக்கையும் புரட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். முன்பு ஒரு கட்டுரையில், உலகின் கொடிய நிலநடுக்கங்களில் ஒன்று 1737-இல் கல்கத்தாவில் நடந்தது, மூன்று லட்சம் பேர் இறந்தார்கள் என்று எழுதினேன். நானாகக் கட்டிவிடவில்லை. கலைக்களஞ்சியத்தில் இருந்தது, பாடநூல்களில் இருந்தது. வாசகர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போது கல்கத்தாவில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் சார்?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், ரோஜர் பில்ஹாம் என்ற நிலநடுக்க ஆய்வாளர் 1994-லேயே இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே சுமார் 20,000-தான். மூன்று லட்சம் பேர் சாக வேண்டுமென்றால் ஊர் பதினைந்து தடவை அழிந்திருக்க வேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? 1738-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. கங்கை முகத்துவாரத்தில் பயங்கரப் புயல், கூடவே பூகம்பம், 200 வீடுகள் விழுந்தன, தேவாலயக் கோபுரம் உடையாமல் அப்படியே பூமிக்குள் இறங்கிவிட்டது, கப்பலும் படகுமாக 20,000 போயின, மூன்று லட்சம் பேர் இறந்தார்கள் என்று. கப்பலில் வந்து இறங்கியவர்கள் வாய்வழியாகச் சொன்ன கதை. வாய்வழிக் கதை கடல் கடந்தால் எப்படி வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே சமயத்தில் கல்கத்தாவிலேயே இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். வரி வசூல் பார்த்தவர் எழுதுகிறார்: புயலும் வெள்ளமும் வந்தது, கூரை வீடுகள் ஏறக்குறைய எல்லாம் போயின, சுமார் 3,000 பேர் இறந்தார்கள். பூகம்பம் என்ற பேச்சே அதில் இல்லை. வரி ஏன் குறைந்தது என்று கம்பெனிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய மனிதர். பூமி குலுங்கியிருந்தால் அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள அவருக்கு என்ன தயக்கம்?

ஆக நடந்தது புயல். கடல் பொங்கி ஆற்றில் ஏறியிருக்கிறது. பூகம்பம் கதையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு பட்டியல் தொகுத்தவர்கள் பூகம்பம் என்ற சொல்லைத் தேடிப் படித்ததால் புயலை விட்டுவிட்டு பூகம்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று லட்சமும் அதோடு வந்துவிட்டது. இருநூற்றைம்பது வருடம் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு நகலெடுத்திருக்கிறார்கள். பத்து இடத்தில் இருக்கிறதே என்று நம்பி எழுதியதில் நான் பதினோராவது ஆள்.

தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. சில இடங்களில் செப்டம்பர் 30 என்றும், சில இடங்களில் அக்டோபர் 11 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ராத்திரிதான். இங்கிலாந்து 1752 வரை பழைய நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஐரோப்பாவின் பெரும்பகுதியோடு 11 நாள் வித்தியாசம். போதாததற்கு இங்கிலாந்தில் அதுவரை சட்டப்படி புது வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் நடந்த ஒரு விஷயம் ஆங்கில ஆவணத்தில் முந்தைய வருடத்தில் இருக்கும்.

நேரம் இன்னும் மோசம். சிசிலியில் 1693 ஜனவரி 11-இல் கத்தானியா, நோட்டோ நகரங்களைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் "21 மணிக்கு" வந்ததாக ஆவணங்கள் சொல்கின்றன. இன்றைய பழக்கத்தில் படித்தால் ராத்திரி ஒன்பது மணி. ஆனால் அன்றைய இத்தாலியில் மணியைச் சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணினார்கள். ஜனவரியில் சூரியன் ஐந்து மணி வாக்கில் மறையும். முந்தின நாள் மாலை சூரியன் மறைந்ததிலிருந்து 21 மணி என்றால் ஜனவரி 11 மதியம் இரண்டு மணி சுமார். மக்கள் படுக்கையில் செத்தார்களா, பகலில் வெளியே இருந்தார்களா என்பதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

எழுத்தில் வரும் குழப்பத்துக்கு நான் எப்போதும் சொல்லும் கதை 893-ஆம் வருடத்து நிலநடுக்கம். பழைய பட்டியல்களில் அந்த வருடம் சிந்து ஆற்று முகத்துவாரத்தில் இருந்த தேபல் துறைமுகம் ஒன்றரை லட்சம் பேரோடு அழிந்தது என்று இருக்கும். வேறு பட்டியல்களில் அதே வருடம் ஈரானின் அர்தபில் நகரம் ஒன்றரை லட்சம் பேரோடு அழிந்தது என்று இருக்கும். ஒரே வருடம், ஒரே எண்ணிக்கை, நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம்.

உண்மையில் இடிந்தது ஆர்மீனியாவின் பழைய தலைநகரமான த்வின். அரபியர்கள் அந்த ஊரை தபில் என்று அழைத்தார்கள். அரபு எழுத்தில் 'ப' ஓசைக்கும் 'ய' ஓசைக்கும் சொல்லின் நடுவில் ஒரே பல் போன்ற வடிவம்தான். கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ப', இரண்டு புள்ளி வைத்தால் 'ய'. தபில் என்பதில் முதலில் ஒரு புள்ளி, அடுத்து இரண்டு புள்ளி. தேபல் என்பதில் முதலில் இரண்டு, அடுத்து ஒன்று. பழைய கையெழுத்துப் பிரதிகளில் புள்ளிகளை அடிக்கடி விட்டுவிடுவார்கள். புள்ளி இல்லாவிட்டால் இரண்டு ஊர்ப் பெயரும் அச்சு அசலாக ஒன்றேதான். நகலெடுத்தவர் தனக்குத் தெரிந்த ஊராகப் பார்த்துப் புள்ளி வைத்தார், ஆர்மீனிய நிலநடுக்கம் சிந்துவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தபிலுக்கு முன்னால் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அர்தபில். அது ஈரானுக்குப் போனது.

இதை அவிழ்த்தவர் நிக்கோலஸ் அம்ப்ராசிஸ். பொறியாளர், ஆனால் வாழ்நாளில் பாதியைப் பழைய ஏடுகளில் கழித்தவர். இன்ன பட்டியலில் இருக்கிறது என்று நின்றுவிடாமல், அந்தப் பட்டியல் யாரைப் பார்த்து எழுதியது, அவர் யாரைப் பார்த்து எழுதினார் என்று பின்னால் பின்னால் போய் முதல் ஆளைப் பிடிப்பதுதான் அவர் வழி. பெரும்பாலும் முதல் ஆள் எழுதியது சரியாகவே இருக்கும். இடையில் வந்தவர்களின் கைவண்ணம்தான் எல்லாம்.

ஒரு பொய்ப் பூகம்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது வெறும் வரலாற்றுச் சுத்தம் இல்லை. சிந்து முகத்துவாரத்தில் ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு நகரமே அழிந்தது என்று நம்பினால், அங்கே கட்டும் ஒவ்வொரு பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒரு கணக்கு. இல்லை என்றால் வேறு கணக்கு. ஆர்மீனியாவில் நடந்ததை ஆர்மீனியாவின் கணக்கில் வரவு வைக்காவிட்டால் அங்கே ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவோம்.

சரி, ஒரு நிலநடுக்கம் நடந்தது உறுதி, ஊரும் நாளும் உறுதி. அது எவ்வளவு பெரியது? இங்கேதான் உண்மையான தலைவலி. ரிக்டர் அளவு என்று பொதுவாக நாம் சொல்வது பூமிக்குள் வெளிப்பட்ட ஆற்றலை அளக்கிறது. அது ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். ஒவ்வொரு ஊரிலும் குலுக்கல் எப்படி இருந்தது என்பது வேறு. மேளத்தில் விழுந்த அடி ஒன்றுதான், பக்கத்தில் நின்றவருக்குக் காது அடைக்கும், மூன்று தெரு தள்ளி நின்றவருக்கு டம்டம் என்று கேட்கும். ஊர் ஊராகக் கிடைத்த குறிப்புகளை 12 படிகள் கொண்ட ஒரு தீவிர அளவுகோலில் வைத்து, வரைபடத்தில் குறித்து, அதிலிருந்து அடியின் வலுவைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள்.

ஆவணம் எண்ணா தருகிறது? "வீடுகள் இடிந்தன" என்று ஒரு வரி தரும். எத்தனை வீடு, மண் சுவரா, கருங்கல்லா, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததா? மண் சுவர் இடிய ஆறேழு படி போதும். நன்றாகக் கட்டிய கல் கட்டடம் இடிய அதைவிட மேலே போகவேண்டும். ஒரே சொல், மூன்று படி வித்தியாசம். அரசவைக் குறிப்பெழுதியவர் என்றால் இன்னொரு சிக்கல். வால்நட்சத்திரம், கிரகணம், பூகம்பம் எல்லாவற்றையும் கொண்டுபோய் ராஜா செத்த வருடத்தில் வைத்துவிடுவார். அவருக்குப் பூமி குலுங்குவது செய்தி இல்லை, சகுனம்.

எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நியூ மாட்ரிட். 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரிக்குள் மிசிசிப்பி ஆற்றோரம் மூன்று பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. ஆறு கொஞ்ச நேரம் பின்னோக்கி ஓடியதாகவே பார்த்தவர்கள் எழுதினார்கள். கிடைத்த குறிப்புகளை வைத்து இவை எட்டுக்கும் மேலே என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சூசன் ஹஃப் உள்ளிட்டவர்கள் அதே கடிதங்களை, அதே நாளிதழ்களை மறுபடி படித்தார்கள். புதிய ஆவணம் என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. எழுதியவர்களின் விலாசத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில்தான் இருந்தார்கள். ஆற்றுப்படுகையின் இளகிய வண்டல் மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். மேட்டுப் பாறையில் வீடு கட்டியிருந்தவர் ஒருவர் எழுதியிருந்தால் "லேசாக ஆடியது" என்று எழுதியிருப்பார். அவர்தான் இல்லையே. இந்தச் சாய்வைக் கழித்தபோது அளவு ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் இறங்கியது. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை. எட்டுக்கும் ஏழுக்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். வெளிப்படும் ஆற்றலில் அது சுமார் 32 மடங்கு.

இந்தத் தலைவலியெல்லாம் இல்லாமல் முறையாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர்களும் உண்டு. 1755 நவம்பர் 1-ஆம் தேதி போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் இடிந்தது. அடுத்துக் கடல் ஏறியது, அப்புறம் தீ. அதற்குப்பின் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு ஆனவர், நாட்டின் எல்லாத் தேவாலயப் பங்குகளுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையிலிருந்து வந்த அடி பலமாக இருந்தது, எத்தனை வீடு விழுந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, தரையில் விரிசல் விட்டதா, விட்டது என்றால் அதிலிருந்து என்ன வந்தது. ஊர் ஊராகப் பாதிரியார்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.

"கடல் முதலில் ஏறியதா இறங்கியதா" என்ற கேள்வியை யார் யோசித்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு. சுனாமியின் முதல் அசைவு எந்தப் பக்கம் என்பது கடலடியில் தரை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கும் விஷயம். இன்றைக்கு உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரித்தாலும் அதைத்தான் கேட்பார்கள். இவ்வளவு பதில் இருந்தும் லிஸ்பனைக் குலுக்கியது கடலடியில் எந்தப் பிளவு என்று இன்னும் முடிவாகவில்லை. அதுவும் இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த ஆவணங்கள் வேறு ரகம். பூகம்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவரைவிட, வேறு ஏதோ வேலையாக எழுதியபோது பூகம்பம் குறுக்கே வந்துவிட்டவரை நான் அதிகம் நம்புவேன். அப்படிப்பட்டவர்களால் தீர்ந்த புதிர்தான் 1700-ஆம் வருடத்தது.

ஜப்பானின் கிழக்குக் கரையில், அவர்கள் நாள்காட்டிப்படி கென்ரோகு 12-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், எட்டாம் நாள் ராத்திரி கடல் ஊருக்குள் வந்தது. குவகசாகியில் வீடுகள் போயின, கூடவே தீப்பிடித்தது. நகமினாத்தோ அருகே அரிசி ஏற்றிவந்த கப்பல் ஒன்று சேதமாயிற்று. தெற்கே மிஹோ என்ற ஊரின் தலைவர் தண்ணீர் ஏழு தடவை வந்து போனதாக எழுதிவைத்தார். அவருக்கு ஒரே குழப்பம், ஏனென்றால் பூமி ஆடவே இல்லை. சுனாமி என்றால் முதலில் நிலநடுக்கம் வரும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆடாமல் எப்படிக் கடல் வரும்? அதனால் சில ஆவணங்களில் சுனாமி என்ற சொல்லையே போடாமல் பெருநீர், உயர்ந்த ஓதம் (கடல் ஏற்றம்) என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தயக்கத்துக்காகவே எனக்கு அந்த எழுத்தர்கள்மேல் ஒரு பாசம். கண்ணால் காணாத பூகம்பத்தை அவர்கள் கூட்டி எழுதவில்லை.

எழுதிய காரணம் சாதாரணமானது. தீயில் போன வீடுகளுக்கு மரம் வேண்டும், பட்டினி கிடப்பவர்களுக்கு அரிசி வேண்டும், கப்பலில் போன அரிசிக்குப் பொறுப்பு யார் என்று முடிவாக வேண்டும். இப்படி எழுதிய காகிதங்கள் முந்நூறு வருடம் பெட்டியில் கிடந்தன. தாயில்லாத சுனாமி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனியாக வைத்திருந்தார்கள்.

பசிபிக்கின் மறு கரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில், உப்புத் தண்ணீரில் பட்டுப்போன செடார் மரங்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. 1980-களில் பிரையன் அட்வாட்டர் அந்தச் சேற்றுக்கரைகளைத் தோண்டிப் பார்த்து, காடு இருந்த தரை திடீரென்று கீழே இறங்கியிருக்கிறது, மேலே சுனாமி மணல் மூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். பெரிய நிலநடுக்கம் ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் எப்போது? அந்தக் கரையில் 1700 வாக்கில் எழுதுபவர் யாரும் இல்லை. பூர்வகுடி மக்களிடம் ஒரு குளிர்கால ராத்திரியில் பூமி குலுங்கி, கடல் வந்து ஊரே இல்லாமல் போனது என்ற கதை மட்டும் இருந்தது.

1996-இல் கென்ஜி சதாகேயும் உடனிருந்தவர்களும் இரண்டு கரையையும் கோர்த்தார்கள். கென்ரோகு தேதியை மாற்றினால் 1700 ஜனவரி 27. அலை ஜப்பானுக்கு வந்தது நள்ளிரவு வாக்கில். அந்தப் பெருங்கடலைக் கடக்கச் சுனாமிக்குச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். அதையும் இரண்டு கரைகளின் நேர வித்தியாசத்தையும் கழித்துப் பார்த்தால், அமெரிக்கக் கரையில் ஜனவரி 26, இரவு ஒன்பது மணி. அலையின் உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் அளவு ஏறக்குறைய ஒன்பது. அடுத்த வருடம் இன்னொரு குழு பட்டுப்போன மரங்களின் வேர்களில் வளையங்களை எண்ணியது. கடைசி வளையம் 1699-இன் கோடையில் முடிந்திருந்தது. 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவில் மரங்கள் செத்திருக்கின்றன.

எழுத்தே இல்லாத ஒரு கரையின் நிலநடுக்கத்துக்கு மணி முதற்கொண்டு தெரிகிறது, அரிசிக் கணக்கு எழுதிய யாரோ சிலரால்.

கருவிகளிலும் இப்படி வேறு வேலையாக வந்தவை உண்டு. 1881 டிசம்பர் 31-இல் கார் நிகோபார் அருகே ஒரு நிலநடுக்கம். வங்காள விரிகுடாவைச் சுற்றித் துறைமுகங்களில் கப்பல் போக்குவரத்துக்காக ஓதத்தைப் பதிந்துகொண்டிருந்த கருவிகள், அன்று ஒரு மீட்டருக்கும் குறைவான சுனாமியைக் கோடு போட்டு வைத்திருந்தன. 2003-இல் அந்தக் கோடுகளிலிருந்தே நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கணக்கிட்டார்கள். அடுத்த வருடம் அதே தட்டு விளிம்பில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பானின் 869-ஆம் வருடத்து ஜோகன் நிலநடுக்கத்துக்கு இருந்தது அரச வரலாற்றில் ஒரே ஒரு பத்தி. வெளிச்சம் ஓடிப் பகல்போல் ஆனது, ஜனங்களால் நிற்க முடியவில்லை, கடல் இடிபோல் முழங்கியது, தண்ணீர் கோட்டைவரை வந்தது, படகில் ஏறவோ மலையில் ஏறவோ நேரமில்லை, சுமார் ஆயிரம் பேர் மூழ்கினார்கள், பயிர் பச்சை ஒன்றும் மிஞ்சவில்லை. படித்தால் கொஞ்சம் மிகையான கவிதைபோலத்தான் இருக்கும். ஆனால் செந்தாய் சமவெளியின் வயல்களில் தோண்டியபோது, 915-இல் வெடித்த எரிமலையின் சாம்பலுக்குக் கொஞ்சம் கீழே, கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே, கடல் மணல் ஒரு படலமாகக் கிடந்தது. எழுதியவர் மிகைப்படுத்தவில்லை. ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள், பேசினார்கள், எச்சரித்தார்கள். 2011 மார்ச் 11-இல் தண்ணீர் அதே வயல்களில் ஏறக்குறைய அதே தூரம் உள்ளே வந்தது. 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அந்த ஒரு பத்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப்போகிறது.

போன மாதம் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் நிலநடுக்க ராத்திரி பேச்சில் வந்தது. அப்போது அவளும் அதே வீட்டில்தான் இருந்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்குடா. அன்னிக்கு என்ன மழை! காத்து வேற. ஜன்னலெல்லாம் அடிச்சுது, அப்புறம்தான் ஆடுச்சு."

"மழையே இல்லக்கா."

"உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது. நான் எழுந்து ஜன்னல சாத்தினேன்."

எனக்குக் கல்கத்தா ஞாபகம் வந்துவிட்டது. என் வீட்டிலேயே ஒரு புயல், ஒரு பூகம்பம், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே ராத்திரியாக. நோட்டைத் தேடி எடுத்தேன். நேரம் தப்பு, தேதி தப்பு, இரண்டு நிமிடம் தப்பு. தம்ளர் தண்ணீர் சிந்தவில்லை என்ற வரி மட்டும் ஒரு ஆய்வாளருக்கு உதவும். குலுக்கல் லேசானதுதான் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். மழையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அதே பக்கத்தில், நிலநடுக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கடைசியில் ஒரு வரி கிறுக்கியிருந்தேன்: "மாடியில் துணி அப்படியே கிடக்கிறது. காலையில் எடுக்க வேண்டும்."

இதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். உற்சாகமாக அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். கொட்டும் மழையில் யாராவது மாடியில் துணியை விட்டுவிட்டு, காலையில் எடுக்கலாம் என்று சாவகாசமாக எழுதுவார்களா?

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "துணி நனைஞ்சிருந்துச்சா காஞ்சிருந்துச்சான்னு மறுநாள் எழுதினியா?"

பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் பக்கத்தில் மின்சாரக் கட்டணம், ஒரு தொலைபேசி எண், திருப்பித் தர வேண்டிய இரண்டு புத்தகங்களின் பெயர். துணியைப் பற்றி ஒன்றும் இல்லை.